நாற்பது நிமிஷக் காற்று

போன மே மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், டெல்லியில் நாற்பது நிமிஷம் காற்று வீசவைத்தது நான்தான்.

நீங்களாவது சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் சிரிக்கக்கூட மாட்டார்கள், வகுத்துவிடுவார்கள். இந்த இராஜமாணிக்கம் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் மகள் சிந்து போட்ட சட்டம். அதற்கு முதல் கையெழுத்து என் மனைவி லீலாவதியுடையது.

காற்றாலை கட்டியபோதும் அப்படித்தான்.

பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் ஒரு சைக்கிள் சக்கரமும் டிரெட்மில் மோட்டாரும் கிடைத்தன. பிளாஸ்டிக் பைப்பை அறுத்து மூன்று இறக்கை செய்தேன். காற்றில் சக்கரம் சுற்றும், பெல்ட் மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் பழைய ஸ்கூட்டர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். மொட்டைமாடியில், செத்துப்போன கூலரின் ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி, கீழே எங்கள் அறையில் இருந்த பேட்டரிக்கு ஒயர் இறக்கினேன். சாணக்யபுரித் தூதரகங்கள் எல்லாம் ஒயரைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வரிசை கட்டும் என்றேன்.

"முதல்ல இதைச் சுத்தவைக்க ஒரு ஃபேன் வாங்கிட்டு வாங்க" என்றாள் லீலா.

புதன்கிழமை சாயங்காலம் ஆந்தி வந்தது. ராஜஸ்தானையே பெயர்த்துக்கொண்டு வந்த புழுதிப்புயல். தெருமுனை மரம் கரண்ட் கம்பத்தின்மேல் சாய்ந்தது. ஊரே இருண்டபோது என் காற்றாலை மட்டும் ஹெலிகாப்டர் மாதிரி பறந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் குவார்ட்டர்ஸையே தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

மறுநாள் மத்தியானமாகியும் கரண்ட் வரவில்லை. காற்றும் செத்துவிட்டது. புழுதி இறங்காமல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

லீலாவுக்கு இழுப்பு ஆரம்பித்தது.

அவள் வாயில் வைத்து உறிஞ்சும் பம்பில் மருந்து தீர்ந்திருந்தது. இன்வெர்ட்டர் காலையிலேயே படுத்துவிட்டது. மருந்தைப் புகையாக்கித் தரும் சின்ன நெபுலைசரை என் ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டினேன். பத்து நிமிஷம் புகை வந்தது. அப்புறம் சிவப்பு விளக்கு இரண்டு தடவை சிமிட்டி அணைந்தது.

சிந்துவின் ஆபீசுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு மூச்சே வரவில்லை, ஆம்புலன்ஸோடு வா என்று அலறினேன்.

"அச்சா, அச்சா. பதறாதீங்கப்பா. மீட்டிங் முடிஞ்சதும் ஜல்தி வந்துடறேன்."

வகுத்துவிட்டாள்.

திருப்பிச் சொல்வதற்குள் போனும் செத்தது.

எங்கள் பிளாக்கில் பாதிப்பேர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் ஆபீசில். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஜன்னலில் நின்று கத்தினேன். தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

லீலாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பத்தால் வகுத்தாலும் அது நீலம்தான்.

மருந்தை நிரப்பி மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்தேன். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் திணித்தேன். கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இரு, எனக்கு மேலே கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன்.

இறக்கையைப் பிடித்துக் கையால் சுற்றினேன்.

சுற்றச் சுற்ற பெல்ட் கிறீச்சிட்டது. கீழே மெஷின் உயிர்பெற்று ரீங்காரமிட்டது.

டிங்.

நாற்பத்தைந்து டிகிரி வெயில். எழுபத்திரண்டு வயசு. பைப்பின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. டிங். தோள்பட்டை கழன்று பக்கத்து மாடியில் போய் விழுந்ததுபோல் இருந்தது. டிங்.

அப்புறம் டிங் வரவில்லை.

லீலா, லீலா என்று கத்தினேன். சத்தமே இல்லை.

இறங்கினால் பார்க்கலாம். ஆனால் கையை எடுத்தால் மெஷின் நின்றுவிடும். அவளைப் பார்ப்பதா, அவளுக்கு மூச்சுக் கொடுப்பதா?

சுற்றினேன். ஆயுசில் முதல்தடவையாக ஒன்றையும் கூட்டிச் சொல்லத் தோன்றாமல், வெறுமனே அழுதுகொண்டு சுற்றினேன்.

யாரோ பின்னாலிருந்து என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார்கள். சிந்து. மீட்டிங்கின் நடுவில் மனசு கேட்காமல் எழுந்து வந்திருக்கிறாள். பின்னாலேயே ஆம்புலன்ஸ்காரர்களும் மரத்தைத் தாண்டி ஸ்ட்ரெச்சரோடு வந்துகொண்டிருந்தார்கள்.

அம்மா மூச்சு சீராகி அசந்து தூங்குகிறாள் என்றாள். டம்ளர் கைநழுவி மெத்தையில் கிடந்ததாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், இரண்டு கையிலும் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டதுதான் தாமதம், பழைய ஆள் திரும்பிவிட்டான். நாற்பது நிமிஷம் டெல்லிக்கே காற்று வீசவைத்தேன் என்று ஹிந்தியில் ஆரம்பித்தேன்.

சிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே நர்ஸிடம் நான்கு விரலைக் காட்டினாள்.

லீலா மாஸ்க்கை மெல்ல விலக்கினாள்.

"கண்ணு அசர்ற வரைக்கும் நான் ஜன்னலையேதான் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன் சிந்து. வேப்பமரத்துல ஒரு இலை அசையல. எனக்கு மட்டும் காத்து வந்துக்கிட்டே இருந்துச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இதை வகுக்காத."