ஒட்டுவாரொட்டி

"யார்கிட்டயிருந்து வந்துச்சின்னு தெரியும் டாக்டர். என்கிட்டயிருந்துதான்."

சொல்லிவிட்டு மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டு, சுவரோரம் தள்ளி நின்றேன்.

மேசையில் என் நாய் பிரவுணி கிடந்தது. இழுத்து இழுத்து மூச்சு விட்டது. உடம்பைப் பார்த்தால் விலா எலும்பை எண்ணிவிடலாம். இதைக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றுதான் தேயிலைத் தோட்டத்திலிருந்து றக்வானை டவுனுக்கு த்ரீவீல் பிடித்து வந்திருந்தேன்.

வெளியே காத்திருந்தபோது நான் ஒருமுறை இருமினேன். பக்கத்தில் பூனையோடு உட்கார்ந்திருந்த சிங்களப் பெண் "அனே!" என்று எழுந்து அடுத்த வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரவில்லை. பழகிவிட்டது.

அழகமுத்து என்ற பெயர் எங்கள் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. இப்போது நான் டிபிக்காரன். சளியில் கிருமி தெரியவில்லை, ஆனால் நெஞ்சுப் படத்தில் நிழல் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை தொடங்கினார்கள். அன்றைக்கே எனக்குத் தட்டு தனி, கோப்பை தனி. மாத்திரை போட்டால் கொஞ்ச நாளில் ஒட்டாதாம் என்று சொன்னால், "ஆமா, நீங்க பெரிய டாக்டரு" என்பாள் என் மனைவி கலைச்செல்வி.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். கைக்குழந்தை இருக்கிற வீடு.

என் படுக்கை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில். மகளின் தொட்டிலைப் பின் காம்பராவுக்கு மாற்றிக் கட்டியது நானேதான். கலை அந்த அறையின் ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் பழந்துணி அடைத்தாள். என் மூச்சுக்காற்று அந்தப் பக்கம் போய்விடக் கூடாதாம்.

பாப்பா குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், சிரித்தாள். எல்லாம் வாசலில் நின்று காதால் கேட்டதுதான். தூக்கிக் கொஞ்சக் கை துடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் பக்கத்தில் வந்து படுத்தது பிரவுணி ஒன்றுதான். எத்தனை தடவை விரட்டினேன்! சொன்னால் கேட்டால்தானே சனியன். கடைசியில் அதுவும் இருமத் தொடங்கியது.

"பாத்தீங்களா, நாய்க்கே ஒட்டிருச்சு. பாப்பாவை மாத்தி வச்சது நல்லதாப் போச்சு" என்றாள் கலை.

டாக்டர் ஸுமைரா நாயின் கழுத்தில் வீங்கியிருந்த கட்டியில் ஊசி குத்தினார். வந்த துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். நிமிரவே இல்லை. பிரவுணி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"வௌவால் இருக்கிற எடத்துக்கு இது போகுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கு எப்படித் தெரியும்?

"மூடிக் கிடக்கிற பெக்டரி மாடிக்கு என்கூட வரும் டாக்டர். அங்க வௌவால் எரு மலையாக் கிடக்கு. மரக்கறித் தோட்டத்துக்கு அள்ளுவேன். இது கூட நின்னு கிண்டும்."

"இது டிபி இல்ல, பங்கஸ். பூஞ்சணம். அந்த எருவுல வளரும். தூசியோட மூச்சுல போயி நெஞ்சைப் பிடிக்கும். மனுசனுக்கும் வரும். படத்துல பாத்தா டிபி மாதிரியேதான் தெரியும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி, எரு அள்ளினதச் சொல்லுங்க. ஒங்களுக்கும் இதுதானான்னு அவங்க பாக்கட்டும்."

"அப்ப, நான்தானே இதுக்குக் குடுத்தேன்?"

"நீங்க எங்க குடுத்தீங்க? ரெண்டு பேரும் ஒரே தூசியக் குடிச்சிருக்கீங்க. இது ஒருத்தர்கிட்டயிருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது."

ஒட்டாதா!

அவர் மேலும் ஏதேதோ சொன்னார். மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் இல்லாமல் சோற்றோடு கொடுக்க வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது, நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைக்க இடமிருக்கிறது. என் காதில் பாதிதான் ஏறியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாஸ்க்கைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

"கேட்டியாடா பிரவுணி? நாம ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுக்கல!"

அது வாலை ஒருமுறை அசைத்தது.

ஆஸ்பத்திரியிலும் இதையே சொல்லிவிட்டால் அந்தத் தனித் தட்டைத் தூக்கி ஓடையில் எறிவேன். லயத்து வாசலில் நின்று நாலு பேரை நறுக்கென்று கேட்பேன். அதெல்லாம் அப்புறம். முதலில் என் மகளைத் தூக்க வேண்டும்.

கலைக்குச் சொல்லப் போனை எடுத்தேன். மறுமுனையில் மணி அடித்தது.

"மிச்ச எரு எங்க இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். "இனி ஒருத்தரும் அதுக்குக் கிட்டப் போகக் கூடாது."

"வீட்டுலதான் டாக்டர், சாக்கு சாக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். "எங்க ஊரு மழைதான் தெரியுமே. வெளிய வச்சா நனைஞ்சிரும், களவும் போயிரும். அதான் பின் காம்பராவுல..."



டாக்டரின் முகம் மாறியது. என்ன, என்ன என்று கேட்டார். போனைக் காதோடு அழுத்தினேன். 

அந்தப் பக்கம் கலை போனை எடுத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. பாப்பா இருமி இருமி இப்பதான் தூங்குறா. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, நான் ஜன்னலைக்கூடத் தொறக்கல."