அவர் பறக்கவிட்ட தேனீக்கள்

ஐஸ் கட்டியை அவள் முதுகிலிருந்து எடுத்தார். ஈரத்தைத் துண்டால் ஒற்றினார்.

"வைக்கட்டுமா, சுநந்தா?"

தலையணையில் குப்புறப் படுத்திருந்த தலை லேசாக ஆடியது.

இடுக்கியில் தேனீ கோபமாக இரைந்துகொண்டிருந்தது. முதுகெலும்புக்குச் சற்றுத் தள்ளி, தோலில் அதைத் தொடவைத்தார்.

கொட்டியது.

அவள் கால்விரல்கள் மடங்கி விரிந்தன. தாலி கட்டிய கையால் இதையும் செய்ய வேண்டியிருக்கிறதே என்று தினமும் தன்னைத் திட்டிக்கொள்வார். இன்றைக்கும் திட்டிக்கொண்டார்.

கொடுக்கு மட்டும் தோலில் நின்று துடித்தது. விஷம் முழுக்க இறங்கும்வரை அதை எடுக்கக் கூடாது.

தேனீயை இடுக்கியோடு ஜன்னலுக்குக் கொண்டுபோனார். அவள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கண்ணாடியைச் சத்தத்தோடு மேலே தூக்கினார்.

"போயிடுச்சு," என்றார்.

எங்கே போகும்? கொட்டியதில் குடல் அறுந்து, இடுக்கியிலேயே சுருண்டு அடங்கிவிட்டது. சத்தமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இருவரும் வந்தவாசிப் பக்கத்துச் சமண வீடுகளில் பிறந்தவர்கள். தேன் நாக்கில் பட்டதில்லை. குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டி, அந்தத் துணியையும் கிணற்றிலேயே அலசிவிடுகிற வீடுகள். துணியில் ஒட்டிய சிற்றுயிர் எதுவும் காய்ந்து செத்துவிடக் கூடாது.

அமெரிக்கா வந்து தலை நரைத்த பிறகும் அவள் மாறவில்லை. ஒரு கோடையில், தோட்டத்தில் களை பிடுங்கிவிட்டு வந்தவள், தொடையில் உண்ணி கடித்துத் தொங்குவதைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அப்போதே பிடுங்கி எறிந்திருப்பார்கள். இவள் நல்லெண்ணெய் தடவி, அதுவாக விடட்டும் என்று மறுநாள்வரை காத்திருந்தாள். விட்டதும் ஓர் இலையில் ஏந்திப் போய்ப் புல்லில் இறக்கிவிட்டாள்.

அது சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தது. உண்ணிக் கடியில் பரவும் லைம் நோயை இவளிடம் விட்டுவிட்டுப் போனது.

மருந்து முடிந்தது. வலி முடியவில்லை. மூட்டு மூட்டாக அலைந்தது. முதலில் மாடிப்படி ஏறுவது நின்றது. பிறகு ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவது.

தேனீ விஷம் இதைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார் டாக்டர். உயிருக்கே உலை வைக்கலாம் என்றும் சொன்னார். ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய ஊசி கட்டிலை ஒட்டித் தயாராக இருந்தது.

ஆனால் போன வாரம் அவள் சுவரைப் பிடிக்காமல் சமையலறைவரை நடந்து வந்தாள். தேனீயால்தானா என்று அவருக்குத் தெரியாது. அவள் அடுப்பருகே நிற்பதைப் பார்த்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

கொட்டிய தேனீ செத்துவிடும் என்று தெரிந்தால் அவள் முதுகைக் காட்டவே மாட்டாள். அது அவருக்கு நிச்சயம். அதனால்தான் ஜன்னல். இந்த ஊர்த் தேனீக்கு ஒன்றும் ஆகாது, கொட்டிவிட்டுப் பறந்துவிடும் என்று முதல் நாளே அளந்துவிட்டிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கொஞ்சம் தாராளமாகவே அளந்தார்.

தேனீப் பெட்டியிலிருந்து அடுத்ததை எடுத்து வைத்தார். கொட்டியது. ஜன்னலைத் தூக்கினார்.

"ஏங்க."

"ம்."

"வெளியில பனி பேயுது. அதை எங்க அனுப்புறீங்க?"

கை ஜன்னலிலேயே நின்றுவிட்டது.

தோட்டம், வேலி, பக்கத்து வீட்டுக் கார், எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. இதற்கு முன்பும் அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும். இவர்தான் பார்க்கவில்லை.

"சாத்துங்க. குளிருது."

சாத்தினார். திரும்புவதற்குத் தைரியம் வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். இனி அவள் சமையலறைக்கு வரப்போவதில்லை.

பின்னால் கட்டில் முனகியது. அவள் தானாகவே எழுந்துகொண்டிருந்தாள். தாங்கப் போனவரைக் கையமர்த்தினாள். உட்கார்ந்து, புடவையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.

"பையில இருக்கறதைக் குடுங்க."

இடுக்கியில் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தார்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"துணியை மெஷின்ல போடறதுக்கு முன்னாடி பையைத் தடவிப் பார்க்கற பழக்கம் எனக்கு இன்னும் போகல. முதல் தடவையே கையில தட்டுச்சு. அப்பவே தெரியும். தெரிஞ்சும் படுத்தேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நடக்கணும்னு ஆசைப்படறது நான். கொல்றது மட்டும் நீங்களா?"

இறந்தவற்றைத் தலையணைமேல் பதமாக வைத்தாள். இடுக்கிக்குக் கை நீட்டினாள்.

அவர் தயங்கினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்துவிட்டார்.

அவள் விரல்களில் இடுக்கியின் முனைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பெட்டிக்குள் விட்டாள். நழுவியது. மறுபடி விட்டாள். இந்த முறை ஒன்று அகப்பட்டது.

புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றினாள். தேனீ தோலுக்கு அருகில் வந்தது, விலகியது, மறுபடி வந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது.

அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

விடச் சொல்வாள் என்று காத்திருந்தார்.

சொல்லவில்லை.

இரண்டு கைகளும் சேர்ந்தே கீழே இறங்கின.