இடப்பக்கக் கீழ் மூலை

"ச்சு, ச்சு" என்று டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும். சுவரில் வலை பின்னிக்கொண்டிருக்கும் சிலந்திகள் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அப்புறம்தான் பல்லியண்ணனின் தலை தெரியும்.

ஒருநாள் அவர் குண்டச்சி என்ற சிலந்தியின் வலையைச் சுற்றிவந்து பார்த்தார். இடப்பக்கக் கீழ் மூலை கிழிந்திருந்தது. கிழித்தது அவருடைய வால்தான். அதைச் சொல்லாமல், "இந்த வெறுமைதாம்மா வலை. மத்ததெல்லாம் வெறும் நூல்" என்றார். மறுநாளிலிருந்து சுவரில் எல்லா வலைகளிலும் அதே மூலையில் ஓட்டை விழுந்தது.

பிறகு பல்லியண்ணன் பழைய பீரோவோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். ஓட்டை போகவில்லை. கொசுக்கள் அதன் வழியாக, "வரோம்க்கா" என்று சொல்லிக்கொண்டே போய்வந்தன.

பசி பொறுக்காத நெட்டச்சி என்ற சிலந்தி, அந்த மூலையையும் பின்னி மூடினாள். உடனே கொழுத்த கொசு ஒன்று மாட்டியது.

குண்டச்சி எட்டிப் பார்த்தாள். இப்போது அவள் பேரில்தான் குண்டு.

"வயிறு நிறையும்டி. ஆனா இதுக்குப் பேரு வலையா? கொசு பிடிக்கிற பொறி."

"வலை கொசு பிடிக்கத்தானேக்கா?"

"பல்லியண்ணன் பார்த்திருந்தா ஒரு 'ச்சு'கூடச் சொல்லியிருக்க மாட்டார்."

நெட்டச்சி கொசுவைத் தின்று முடித்தாள். தள்ளி நின்று தன் வலையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடப்பக்கக் கீழ் மூலைக்கு இறங்கி, நாலு நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, மீதி வலையில் படிந்திருந்த தூசியைத் தட்ட ஆரம்பித்தாள்.