வியாழக்கிழமை பதினொரு மணி

“முப்பத்தோராவது கிளினிக்மா இது. என் பொண்ணு உங்ககிட்ட வர்றாளான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.” போனில் அந்த மனிதரின் குரல் உடைந்தது.

குழந்தைகள் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் டோக்கன் அக்கா. அவர் சொன்ன பெயரை அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள். இருந்தது. ஏழு வயது, மூச்சிழுப்பு. அம்மாவின் எண் மட்டும் பதிவாகியிருந்தது. அப்பா என்ற கட்டத்தில் ஒரு கோடு.

“சார், அவங்க அம்மா நம்பர்தான் பதிவுல இருக்கு. வேற யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது. அதான் இங்க ரூல்.”

எதிர்முனையில் ஒரு விம்மல்.

“அப்போ அங்கதான் வர்றா. அது போதும்மா. நீங்க நல்லா இருக்கணும்.”

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு அடுத்த நாளும். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. “பிரிஞ்சு ஒன்றரை வருஷமாச்சும்மா. இழுப்பு வந்தா என் தோள்லதான் தூங்குவா. படுக்க வச்சா மூச்சு முட்டும் அவளுக்கு.” காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரில் நின்ற வேறொரு அம்மாவுக்கு ஏழாம் எண்ணுக்குப் பதில் பதினேழைக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சிறுமியின் அம்மாவை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மூன்று தடவை வந்திருக்கிறாள். கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். முகவரி கேட்டால், “போன் நம்பர் இருக்குல்ல? அது போதும்.” அத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும் சுவரோரம் போய்த்தான் உட்காருவாள். “நம்மகிட்டப் பேசினா முத்து உதிர்ந்துடும்போல,” என்று டோக்கன் அக்கா நர்ஸிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஒரு தகப்பனைத் தெருத்தெருவாக அலையவிட்டுவிட்டு எப்படித்தான் நிம்மதியாக உட்கார முடிகிறதோ!

நர்ஸிடம் சொன்னபோது அவர் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே, “புருஷன் பொண்டாட்டி விவகாரத்துல தலைய விடாத,” என்றார்.

“பெத்த மனசு ஆம்பளைக்கு இருக்காதாக்கா?”

“இருக்கும். ஆனா உன் வேலை டோக்கன் கொடுக்கிறது.”

ஐந்தாம் நாள் அந்த அப்பா கூப்பிட்டபோது பேச முடியாமல் திணறினார். “என்னிக்கு வர்றான்னு மட்டும் சொல்லுங்கம்மா. தூரத்துல நின்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன். அவங்க கண்ணுலகூடப் பட மாட்டேன்.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஊசி போடும் அறைக்குள் ஒரு குழந்தை கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தது. நர்ஸ் அங்கேதான் இருந்தார்.

“வியாழக்கிழமை, பதினொரு மணி,” என்றாள் தணிந்த குரலில். “நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்.”

வியாழக்கிழமை பத்தரைக்கே வந்துவிட்டார். மழமழவென்று சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, கையில் பெரிய கரடி பொம்மை. மேசைக்கு வந்து, “நீங்கதானாம்மா அது?” என்று கைகூப்பினார். தூரத்தில் நிற்பதாகச் சொன்னவர், வாசலை ஒட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்காரட்டும், பாவம் என்று விட்டுவிட்டாள். தன் பரீட்சை முடிவுக்குக்கூட அவள் இப்படிக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

பதினொன்றுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. மகளின் கையைப் பிடித்தபடி அந்த அம்மா நேராக மேசையை நோக்கி வந்தாள்.

“குட்டி!”

அவர் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தார். காத்திருந்த பெற்றோர் எல்லாரும் புன்னகையோடு திரும்பிப் பார்த்தார்கள். டோக்கன் அக்காவும் சிரித்தாள்.

அந்த அம்மா கத்தவில்லை. கையிலிருந்த ஃபைல் நழுவி, காகிதங்கள் தரையெல்லாம் சிதறின. மகளை இழுத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினாள். அதற்குள் அவர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார். முகத்தில் அதே சிரிப்பு.

“எங்க போற? எவ்வளவு நாளா தேடறேன்.”

ஐந்து நாள் போனில் கேட்ட அதே இதமான குரல்தான். ஆனால் இப்போது அதைக் கேட்டு டோக்கன் அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அந்த அம்மா மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி வந்தாள்.

சிறுமி அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடினாள். அப்பாவிடம் இல்லை. மேசைக்கு அடியில் புகுந்து, டோக்கன் அக்காவின் முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஒவ்வொரு மூச்சும் விசிலாக வந்தது.

டோக்கன் அக்கா டாக்டரைக் கூப்பிடும் மணிக்குக் கை நீட்டினாள். சிறுமியின் பிடியில் நகர முடியாமல் மணி எட்டவில்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிறுமி முகத்தை நிமிர்த்தி, மூச்சுக்கு நடுவே கேட்டாள்.

“அக்கா... நாங்க இங்க வர்றதை அப்பாகிட்ட யார் சொன்னாங்க?”