உச்சக் குரல்

“வெட்கமே கிடையாதா அவனுக்கு? குழு கலைஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னும் குழுவோட பாட்டையே பாடிப் பிழைப்பு நடத்துறான்!”

மெத்தைக் கடைக்காரர் பல்லைக் கடித்தார். கடைக்கு எதிரே பெரிய சுவரொட்டி. அதில் பழைய நண்பனின் சிரித்த முகம். கீழே, ‘நீங்கள் மறக்காத அதே பாடல்கள்!’

“அந்தப் பாட்டையெல்லாம் அவரும்தானே பாடினாரு?” என்றாள், பில் போட்டுக்கொண்டிருந்த மனைவி.

“பாடினான். டிரம்ஸ் அடிச்சது யாரு? மெட்டுக்கு மண்டையை உடைச்சுக்கிட்டது யாரு? நாலு பேர் சேர்ந்து சமைச்சதை இப்ப ஒருத்தன் மட்டும் உக்காந்து சாப்பிடுறான்!”

சொல்லும்போதே பக்கத்திலிருந்த மெத்தையில் இரண்டு கையாலும் தாளம் போட்டார். மெத்தை வாங்க வந்தவர், ஸ்பிரிங் எவ்வளவு உறுதி என்று காட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அதையே கட்டச் சொல்லிவிட்டார்.

ஒரு காலத்தில் இசைக்குழுவில் கடைக்காரருக்கு ‘இடி’ என்று பெயர். நகமும் சதையுமாக இருந்த குழுவைப் பிரித்தது ஒரு சுவரொட்டிதான். அதில் பாடகருக்கு ஆளுயரப் படம். மற்ற மூவருக்கும் தபால்தலை அளவு. அன்றைக்கு டிரம்ஸ் குச்சிகளை வீசிவிட்டு வந்த இடி, அப்புறம் நண்பனின் முகத்தில் விழிக்கவே இல்லை.

“ஒரு தடவை போய்ப் பேசிட்டு வாங்களேன். இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்த வீம்பு?”

“போகத்தான் போறேன். பேச இல்லை, வேடிக்கை பார்க்க!” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “‘தெருவிளக்கே’ பாட்டு முடியும்போது ஒரு உச்சக் குரல் வருமே, ஊரே கிறங்குமே, அது யார் குரல்?”

“அவரோடதுதானே?”

“என்னோடது! அவனுக்கு அந்த இடம் எட்டாது. முன்னால அவன் வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பான், பின்னால இருந்து நான் பாடுவேன்.”

“அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷமா என்கிட்டகூட மூச்சு விடலையே!”

“தொழில் ரகசியம். இப்ப அந்த இடம் வந்தா வாயை மூடிக்கிட்டு நிக்கிறானாம். தொண்டை போச்சுன்னு பத்திரிகையில கிழிச்சுத் தோரணம் கட்டியிருக்காங்க. அதைக் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

ஆற வேண்டிய மனசு ஆயிற்றே! முதல் வரிசையிலேயே டிக்கெட் எடுத்தார்.

அரங்கில் பாட்டுக்குப் பாட்டு கைதட்டல் பறந்தது. இடி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கால்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் தாளம் போட்டது. மனைவி அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள்.

கடைசியாக ‘தெருவிளக்கே’ ஆரம்பித்தது.

“பாரு, இப்ப மாட்டுவான்!” என்று மனைவியின் காதில் சொன்னார்.

அந்த இடமும் வந்தது. பாடகர் மைக்கை இறக்கிவிட்டுச் சும்மா நின்றார். பின்வரிசையில் யாரோ கிண்டலாகச் சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

இடிக்கு அது தேனாக இனித்திருக்க வேண்டும். ஆனால் அந்த இடம் வந்தால் மூச்சை இழுத்துப் பாடியே பழகிய உடம்பு! அவர் யோசிப்பதற்குள் தொண்டை முந்திக்கொண்டது.

“தெருவிளக்கே...ஏஏஏ!”

மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரை போனது. மொத்த அரங்கமும் எழுந்து அவரைப் பார்த்தது. அப்புறம் கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

பாடகர் மேடையின் விளிம்புக்கு ஓடிவந்தார். “இவன்தான்! அன்னைக்கும் இந்த இடத்தைப் பாடினது இவன்தான்! நான் வாயை மட்டும்தான் அசைச்சேன்!” என்று மைக்கிலேயே ஊரறியச் சொல்லிவிட்டார்.

பழி வாங்க வந்த இடிக்குக் கண் கலங்கிவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை அறையில் பாடகர் அவரைக் கட்டிக்கொண்டார். “நல்லவேளை வந்தே. இல்லேன்னா இன்னைக்கும் என் மானம் கப்பலேறியிருக்கும்டா.”

இடிக்கு உச்சி குளிர்ந்துபோனது. “எட்டாத இடத்துக்கு நீ என்னடா பண்ணுவே? விடு. இனிமே நான் வர்றேன். நீ பாட்டுக்குப் பாடு, அந்த இடத்தை நான் பார்த்துக்கறேன்.”

“நிஜமா வருவியா?”

“வர்றேன்டா. ஆனா சுவரொட்டியில என் படம் கொஞ்சம் பெருசா இருக்கணும்.”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் இடி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “பாவம், நான் இல்லாம அவனால முடியலை. இந்த நிலைமையில இருக்கிறவன்கிட்ட போய்க் கோபப்படலாமா? மன்னிச்சு விட்டுட்டேன்.”

“ரொம்பப் பெரிய மனசுதான்” என்றாள் மனைவி. “அடுத்த கச்சேரி என்னைக்குன்னு கேட்டீங்களா?”

“அட, ஆமா!”

திரும்பி ஓடினார். ஒப்பனை அறைக் கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே யாரோ சந்தோஷம் தாங்காமல் ‘தெருவிளக்கே’ பாடிக்கொண்டிருந்தார்கள். அதே உச்சக் குரல். பிசிறே இல்லை. இடி தொட்டதற்கும் ஒரு படி மேலே போய் அநாயாசமாக நின்றது. பாடியது பாடகர்தான்.

“அண்ணே, இவ்வளவு சுலபமா எட்டுறீங்களே!” இது புது டிரம்ஸ்காரரின் குரல். “அப்புறம் எதுக்கு ஒவ்வொரு மேடையிலயும் வாயை மூடிக்கிட்டு ஊர் வாயில விழறீங்க?”

“இதைக் கத்துக்கிட்டு ரொம்ப வருஷமாச்சுப்பா” என்றார் பாடகர். “ஆனா நானே பாடிட்டா, அப்புறம் அவன் எதுக்குத் திரும்பி வருவான்?”