பிடிபட்டவன்

1964 பொங்கல். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான சடுகுடு. செஞ்சிக் கோட்டை மதிலோரம் பேட்டையும் மேலத்தெருவும் பதினெட்டுக்குப் பதினெட்டு என்று நின்றன. பாடிப் போக இன்னும் ஒரே ஒரு முறைதான்.

பேட்டைத் தலைவன் செபாஸ்தியானுக்குக் கவலை இல்லை.

"கன்னியப்பா, நீ போ. ஒருத்தனைத் தொட்டுட்டு வந்துடு, கோப்பை நம்பளுது."

மூன்று வருடமாக மேலத்தெருக்காரர்கள் கன்னியப்பனை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை.

அவன் பாடிக்கொண்டு நுழைந்ததும் ஏழு பேரும் சிதறி ஓடினார்கள். பின்தங்கிய ஒருவனின் தோளைத் தொட்டான்.

"தொட்டாச்சு, ஓடியாடா!" என்று செபாஸ்தியான் கத்தினான்.

கன்னியப்பன் ஓடவில்லை. சந்தைக்குப் போகிறவன் போல நடந்து வந்தான். நடுக்கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று, பாட்டை விடாமல், திரும்பி அவர்களைப் பார்த்தான்.

மேலத்தெருத் தலைவன் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டினான். மற்றவர்களும் மேலே விழுந்து அமுக்கினார்கள். பாட்டு நின்றது. மேலத்தெரு ஜெயித்தது.

"கோடு காலடியில இருந்துச்சே, இன்னாத்துக்குடா நின்ன?" என்று செபாஸ்தியான் பாய்ந்தான்.

கன்னியப்பன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"என்னைத் தொட்டா தீட்டுன்னு மூணு வருசமா ஒதுங்கி நின்னே தோத்தானுங்க. அது தெரிஞ்சுதானே நீயும் என்னை ஆட்டத்துல சேத்த?"

கன்னியப்பன் மேலத்தெருக்காரர்கள் பக்கம் கையைக் காட்டினான்.

"இன்னிக்குக் கட்டிப் புடிச்சிட்டானுங்க இல்ல? அடுத்த வருசம் ஓடுறேன். அப்ப ஜெயிச்சா, அதுதான் நான் ஜெயிச்சது."