எட்டுக்குப் பத்து

“ஃபைல்ல ‘நியூ’வை அமுக்குங்க சார். அகலம், உயரம் போட்டுப் பின்னணி வெள்ளைன்னு கொடுங்க,” என்றார் கணினிப் பயிற்சியாளர்.

எட்டுக்குப் பத்து அங்குலம் என்று அடித்தார் பயிற்சிக்கு வந்தவர். திரையில் வெற்றுப் படம் திறந்தது.

“அளவு மனப்பாடமா இருக்கே!”

“மகளுக்குன்னு ஃபிரேம் முன்னாடியே வாங்கிட்டோம் மேடம்.”

“போட்டோவைக் கொடுங்க, நொடியில ஒட்டிடலாம்.”

“போட்டோ இல்ல. வரையணும்.”

“போட்டோ இல்லாத குழந்தையா? எங்க வீட்டு வாண்டு தும்மினாக்கூட ஒரு போட்டோ!”

“பிறந்து பத்து நிமிஷம்தான் இருந்தா. போட்டோ எடுக்கவான்னு நர்ஸ் கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அவ அம்மா மயக்கத்துல இருந்தா, முகத்தையே பார்க்கல. எப்படி இருந்தான்னு தினமும் கேட்கிறா.”

பயிற்சியாளர் திரையில் தூரிகைக் குறியைத் தேர்ந்தெடுத்தார். “எதுல ஆரம்பிக்கலாம் சார்? கண்ணா, மூக்கா?”

வெள்ளைத் திரையையே வெறித்தார் அவர்.

“எனக்கும் மறந்துபோச்சு மேடம்.”